தினமும் கொஞ்சமா, ஞாயிறு முழுக்கவா, வேலையை விட்டுவிட்டா? முதல் நூலை முடிக்க நான்கு வழிகள்

எழுத வேண்டும் என்ற ஆசையைப் பல ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்து திரிகிறவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் கவனிப்பது ஒன்றுதான்: அவர்களிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. பாத்திரங்கள் தயாராக இருக்கின்றன, முதல் அத்தியாயம் இருக்கிறது, சிலரிடம் முடிவுகூட இருக்கிறது. வேலையும் வீடும் போக மிஞ்சும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்ற இடத்தில்தான் கால் தயங்குகிறது. தினமும் அரை மணி நேரம் போதுமா? வார விடுமுறையில் நீண்ட நேரம் உட்காருவது மேலா? ஒரே மாதத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்துவிடலாமா? அல்லது வேலையை விட்டால்தான் இது நடக்குமா?

இந்த நான்கில் முதல் மூன்றை நானே செய்து பார்த்திருக்கிறேன். நான்காவதை நெருங்கிய நண்பர்கள் செய்தபோது அருகிலிருந்து பார்த்தேன். எழுதுவதைப் பற்றியே பேசுகிறேன் என்றாலும், இசை பழகுவது, தேர்வுக்குப் படிப்பது, சொந்தத் தொழில் தொடங்குவது என்று நெடுநாள் உழைப்பைக் கேட்கும் எந்தக் கனவுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும்.

## எதை வைத்து அளப்பது?

ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும். 40,000 சொற்கள் கொண்ட ஒரு நாவலின் முதல் வரைவு என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தினமும் ஆயிரம், இரண்டாயிரம் சொற்கள் என்று இலக்கு வைப்பதைப் படித்துவிட்டு, தமிழிலும் அதையே வைத்துத் தோற்றுப்போனவர்கள் பலர். ‘வந்துகொண்டிருந்தவர்களிடம்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொற்கள் தேவைப்படும். அதே காட்சி தமிழில் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். ஆகவே பிற மொழிக்காரர்களின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு உங்களை நீங்களே சோம்பேறி என்று தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

இனி அளவுகோல்கள். முதலாவது, முதல் வரைவு முடிய எவ்வளவு காலம் ஆகும். இரண்டாவது, உட்கார்ந்ததும் கதைக்குள் மறுபடி நுழைய எவ்வளவு நேரம் போகும். மூன்றாவது, இதற்கான விலையை உங்களோடு சேர்ந்து வேறு யார் கொடுக்கிறார்கள். நான்காவது, புதிதாக எழுதும் கட்டத்துக்கு அது உதவுமா, திருத்தும் கட்டத்துக்கு உதவுமா.

ஐந்தாவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்: இடையில் அறுந்துபோனால் திரும்பி வருவது எவ்வளவு எளிது? ஓராண்டுக்கு நீளும் எந்த வேலையும் நடுவில் ஒருமுறையாவது அறுந்தே தீரும். காய்ச்சல் வரும், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்கள் வரும், வீட்டில் ஒருவருக்கு நம் உதவி தேவைப்படும். பாதியில் நின்ற கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி விசாரித்தால், வேகம் போதாமல் நின்றவை குறைவு. ஒருமுறை விட்டபின் மீண்டும் தொட முடியாமல் போனவையே அதிகம்.

## தினமும் சிறிதளவு

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 200 சொற்கள். வாரம் ஆயிரம் சொல், 40 வாரங்களில் வரைவு கையில் இருக்கும். பழகிய கைக்கு 200 சொற்கள் அரை மணி நேர வேலை.

இந்த வழியின் பெரிய முன்னோடி 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப். அஞ்சல் துறையில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே நாவல்களை எழுதிக் குவித்தவர் அவர். காலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தன்னிடமே கணக்குக் கேட்பார். பலரும் வியக்கும் அந்த வேகத்தை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுபவை வேறு இரண்டு. அவர் முதல் அரை மணி நேரத்தில் முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தொடங்கினார். தன்னை எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு பணியாளருக்குத் தனியாக ஊதியம் கொடுத்தார். அதாவது தன் மன உறுதியை மட்டும் அவர் நம்பவில்லை, ஏற்பாட்டை நம்பினார்.

ஏற்பாடு என்று சொல்லும்போது, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்த ஓர் எளிய முறை இங்கே கைகொடுக்கும். ‘இனிமேல் தினமும் எழுதுவேன்’ என்று தீர்மானிப்பதற்குப் பதிலாக, ‘காலையில் காபிக் கோப்பையைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்காருவேன்’ என்று நேரத்தையும் இடத்தையும் முந்தைய செயலையும் சேர்த்துக் கட்டிவிடுவது. இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று கட்டிய திட்டங்கள் வெறும் தீர்மானங்களை விட அதிகம் நிறைவேறுகின்றன என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. எழுதலாமா, வேண்டாமா என்ற விவாதம் தினமும் தலைக்குள் நடப்பதை அது நிறுத்திவிடுகிறது. அந்த விவாதத்தில் நாம் பெரும்பாலும் தோற்கிறோம்.

பழக்கமாக 21 நாள் போதும் என்று சொல்வார்கள். நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

இதை நான் அப்போதே அறிந்திருந்தால் ஐந்து மாதங்களை இழந்திருக்க மாட்டேன். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் சிவப்புக் கோடு போட்டு, தொடர்ந்து 41 நாள் எழுதியிருந்தேன். 42ஆம் நாள் காய்ச்சல். அந்தத் தொடர் அறுந்ததும், இத்தனை நாள் கட்டிய வீடே இடிந்துவிட்டது போல ஒரு சோர்வு. இன்னும் பெரிய தவறு, விட்டுப்போன சொற்களைக் கடனாகக் கணக்கிட்டதுதான். மூன்று நாள் விட்டால் நான்காம் நாள் 800 சொல். அது முடியாது. ஆகவே ஐந்தாம் நாள் ஆயிரம். இந்தக் கடன் ஏறிய பிறகு மேசைப் பக்கம் போகவே மனம் கூசியது. இப்போது நான் வைத்திருக்கும் ஒரே விதி: விட்ட நாளுக்கு ஈடுகட்டக் கூடாது. இன்றைக்கு இன்றைய 200 மட்டும்.

மறைந்த செலவுகள் இரண்டு. அரை மணி நேரத்தில் ஒரு பத்தியைப் பார்க்கலாம், நூலை முழுதாகப் பார்க்க முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னது பதினேழாம் அத்தியாயத்தோடு முரண்படுகிறதா என்பது சிறு துண்டுகளில் தெரியாது. அடுத்தது, எண்ணிக்கையை எட்டுவதற்காக எளிதான காட்சிகளையே எழுதி, உண்மையில் எழுத அஞ்சும் காட்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவது. இதற்கு நான் கண்ட மருந்து, வாரத்தில் ஒரு நாளையாவது அந்த அஞ்சும் காட்சிக்கென்றே ஒதுக்குவது.

வேலை நேரம் நிலையாக இருப்பவர்களுக்கும், சிறு குழந்தைகள் எழும் முன்போ தூங்கிய பின்போ மட்டும் தனிமை கிடைப்பவர்களுக்கும், இதுவரை எதையும் எழுதி முடிக்காதவர்களுக்கும் இதுவே நல்ல வழி. முறை மாறி மாறி இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களைத் தினமும் எழுதச் சொல்வது கொடுமை.

## வார விடுமுறையில் நீண்ட அமர்வு

வாரத்தில் ஒரு நாள், நான்கு மணி நேரம், ஆயிரம் சொல். தாளில் பார்த்தால் இதுவும் 40 வாரம்தான். ஆனால் உண்மையில் இரண்டும் ஒன்றல்ல. தினமும் எழுதுகிறவர் ஒரு நாளைத் தவறவிட்டால் 200 சொல் போகிறது. இவர் ஒரு நாளைத் தவறவிட்டால் ஒரு வாரமே போய்விடுகிறது, அடுத்த அமர்வு வருவதற்குள் 14 நாள் இடைவெளி விழுந்துவிடுகிறது. பாத்திரத்தின் குரல் அதற்குள் காதிலிருந்து மறைந்துவிடும்.

நுழைய ஆகும் நேரமும் இங்கே அதிகம். எனக்கு நான்கு மணி நேரத்தில் முதல் 40 நிமிடம் பழையதைப் படித்து, விட்ட இடத்தைப் பிடிப்பதிலேயே போகும். இதைக் குறைக்க ஒரே வழி, எழுந்திருக்கும் முன் அடுத்த காட்சியின் முதல் இரண்டு வாக்கியங்களை எழுதி வைத்துவிடுவது. எழுத்து வற்றிய பின் நிறுத்தாமல், அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும். வாரத்தின் நடுவில் ஒருநாள் பத்து நிமிடம் வெறுமனே படித்துப் பார்ப்பதும் உதவும்.

இதன் பெரிய விலையை வீட்டார் கொடுக்கிறார்கள். விடுமுறை நாள் உங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் நான்கு மணி நேரத்தில் சமையலையோ குழந்தையையோ முதியவரையோ வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். இதை வெளிப்படையாகப் பேசி, அவருக்கும் வாரத்தில் நான்கு மணி நேரம் தனக்கென்று கிடைக்கும்படி செய்துவிட்டுத்தான் இந்த வழியில் இறங்க வேண்டும். பேசாமல் எடுத்துக்கொண்ட நேரம் சில மாதங்களில் சண்டையாகத் திரும்பி வரும்.

எனினும் திருத்தும் கட்டத்துக்கு இதற்கு நிகர் இல்லை. அத்தியாயங்களை இடம் மாற்றுவது, ஒரு பாத்திரத்தை முழுவதும் நீக்குவது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் வாசிப்பது எல்லாம் நீண்ட நேரத்தில்தான் நடக்கும். குறிப்புகளும் ஆவணங்களும் பரப்பி வைத்து எழுத வேண்டிய கட்டுரை நூல்களுக்கும் இதுவே பொருந்தும். முறைப்பணி பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்குப் பதில் தங்கள் ஓய்வு நாளை எடுத்துக்கொள்ளலாம்.

## ஒரு மாதப் பாய்ச்சல்

40,000 சொல்லை 30 நாளில் முடிக்க, நாளுக்கு 1,333 சொல். 1999இல் அமெரிக்காவில் 21 பேருடன் தொடங்கி, நவம்பர் மாதத்தில் 50,000 சொல் எழுதும் அறைகூவலாக உலகம் முழுக்கப் பரவியது இந்த வழி. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டாலும் வழக்கம் நிற்கவில்லை.

கெடு என்பது எவ்வளவு வலிமையானது என்பதற்கு ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் 1866ஆம் ஆண்டு அனுபவத்தை எல்லோரும் சொல்வார்கள். 26 நாளில் ஒரு குறுநாவலை முடித்தார். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். நாள் தவறினால் அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்துகளைப் பணம் கொடுக்காமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு சுருக்கெழுத்தாளரும் இருந்தார். அது மட்டுமா, அதற்கு முன் இருபது ஆண்டு எழுத்துப் பயிற்சி அவருக்கு இருந்தது. நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் கெடுவுக்கு அந்தக் கூர்மை கிடையாது.

முதல் அத்தியாயத்தையே பத்து முறை மெருகேற்றிக்கொண்டு இரண்டாவதற்குப் போகாதவர்களுக்கு இந்தப் பாய்ச்சலை மனதாரச் சிபாரிசு செய்வேன். திரும்பிப் பார்க்க நேரமே இல்லாததுதான் அவர்களுக்கு மருந்து. கதைச் சுருக்கம் கையில் இல்லாமல் இறங்கினால் பத்தாம் நாள் வழி தெரியாமல் நின்றுவிடுவீர்கள். முடித்த பிறகும் அந்த வரைவைத் திருத்தப் பல மாதங்கள் ஆகும், அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பாதியில் அறுந்தால் திரும்புவது நான்கு வழிகளில் இதில்தான் மிகக் கடினம். ஒரு நாள் விட்டாலே மறுநாள் சுமை இரட்டிப்பு.

## நீண்ட விடுப்பு, அல்லது வேலையை விடுவது

கனவைப் பற்றிப் பேசும்போது எல்லோர் கண்களும் மின்னுவது இந்த இடத்தில்தான். ஆகவே இங்கே நிதானமாகப் பேச வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ விமான டிக்கெட் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1956 கிறிஸ்துமஸ் அன்று நண்பர்களான ஒரு தம்பதி, ஓராண்டு வேலைக்குப் போகாமல் எழுதுவதற்கான பணத்தை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். உலகப் புகழ்பெற்ற நாவல் அதிலிருந்து பிறந்தது. இதைக் கேட்டு வேலையை விடத் துணிந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாவல் வெளிவந்தது 1960இல். பரிசாகக் கிடைத்த ஓராண்டு அவருக்கு வரைவைக் கொடுத்தது. பதிப்பாசிரியரின் துணையோடு அதை மீண்டும் மீண்டும் எழுதி நூலாக்க, மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நம் கணக்கு ஏன் எப்போதும் பிசகுகிறது என்பதற்கு 1994இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாளில் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எப்போது என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலை என்று அவர்கள் கற்பனை செய்ததையும் தாண்டிவிட்டது. ஆறு மாதத்தில் முடிப்பேன் என்று வேலையை விடுகிறவர் இந்த எண்களை மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் தீர்வது எல்லோருக்கும் தெரிந்த செலவு. தெரியாத செலவுகள் வேறு. நாள் முழுக்கக் கையில் இருந்தாலும் புதிதாக எழுதும் தெம்பு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலோருக்கு நீடிப்பதில்லை. எட்டு மணி நேர வேலையை விட்டால் எட்டு மணி நேரம் எழுதலாம் என்ற கணக்கே தவறு. மீதி நேரத்தைக் கவலை பிடித்துக்கொள்ளும். வேலைக்குப் போனபோது கிடைத்த மனிதர்களும் பேச்சும் சண்டைகளும் எழுத்துக்கு எவ்வளவு தீனி போட்டன என்பது அவை நின்ற பிறகுதான் தெரிகிறது. எல்லாவற்றிலும் கொடியது, வாழ்க்கைச் செலவு முழுவதையும் இந்த ஒரே நூல் சம்பாதிக்க வேண்டும் என்ற சுமை. முதல் நூல் அதைத் தாங்காது. தாங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் அதற்கு நியாயமில்லை. டிராலப்பே 1867இல்தான் அஞ்சல் துறையை விட்டார். அப்போது அவர் புகழ்பெற்ற நாவலாசிரியர்.

எனவே ராஜினாமாவையும் விடுப்பையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். சம்பளமில்லாத மூன்று மாத விடுப்பு கிடைக்குமானால், திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற நிம்மதியே எழுத்தில் தெரியும். அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நாள் விடுப்பு எடுத்து, வெளியூர் போகாமல், எழுதுவதை மட்டும் செய்து, ஒவ்வொரு நாளும் உண்மையில் எத்தனை மணி நேரம் எழுதினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால் உங்களுக்கு இப்போது தேவை வேறு வழி.

முதல் வரைவு கையில் இருந்து, அதை முழுதாகத் திருத்தி எழுத வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு நீண்ட விடுப்பு பெரும் வரம். பயணம் செய்து ஆட்களைச் சந்தித்துத் தகவல் திரட்ட வேண்டிய நூல்களுக்கும் அப்படியே. வெற்றுத் தாளுக்கு முன்னால் உட்காருவதற்காக வேலையை விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## பக்கத்தில் பக்கமாக

| | தினமும் 200 சொல் | வாரம் ஒரு நீண்ட அமர்வு | ஒரு மாதப் பாய்ச்சல் | நீண்ட விடுப்பு |
|---|---|---|---|---|
| 40,000 சொல்லுக்கு | 40 வாரம் | தவறாவிட்டால் 40 வாரம் | 30 நாள் | சுமார் 3 மாதம் |
| கதைக்குள் நுழைய | சில நிமிடம் | அரை மணிக்கு மேல் | சில நிமிடம் | சில நிமிடம் |
| அறுந்தால் திரும்புவது | எளிது | நடுத்தரம் | மிகக் கடினம் | பணம் இருக்கும்வரை எளிது |
| மறைந்த செலவு | முழு நூலும் கண்ணில் படாது | வீட்டாரின் விடுமுறை | பல மாதத் திருத்தம், களைப்பு | நூல்மீது ஏறும் சுமை, தனிமை |
| ஏற்ற கட்டம் | முதல் வரைவு | திருத்தம் | தேங்கிய வரைவை உடைக்க | இறுதித் திருத்தம், களப்பணி |

## நான் எதைச் சொல்வேன்?

இன்று ஒருவர் என்னிடம் வந்து, கதை தயாராக இருக்கிறது, ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், தினமும் 200 சொல்லைத்தான் சொல்வேன். முதல் வரைவு முடிந்ததும் அந்த வழியை விட்டுவிட்டு வார விடுமுறை அமர்வுக்கு மாறச் சொல்வேன். பலர் செய்யும் பிழை, ஒரு கட்டத்தில் பலித்த வழியையே கடைசி வரை பிடித்துக்கொள்வது. தினமும் அரை மணி நேரத்தில் நாவலைத் திருத்த முயன்று, ஓராண்டாக முதல் ஐந்து அத்தியாயங்களையே சுற்றிச் சுற்றி வந்த ஒரு நண்பர், இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் முழு நூலையும் திருத்தி முடித்தார்.

பாதி எழுதி ஓராண்டாகத் தேங்கியிருப்பவர் என்றால், பத்து நாள் சிறு பாய்ச்சல் ஒன்றைச் சொல்வேன். ஒரு மாதம் வேண்டாம். தேக்கம் உடைந்தால் போதும், பிறகு 200 சொல்லுக்குத் திரும்பிவிடலாம்.

எந்த வழியானாலும் ஒரு வாசகரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். ஊருக்கெல்லாம் அறிவிக்கத் தேவையில்லை. உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரிடம், இந்தத் தேதியில் முதல் மூன்று அத்தியாயங்களைத் தருகிறேன் என்று சொன்னால் போதும். அந்தத் தேதி வரும்போது எழுத்து மோசமாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த வழியை ஆறு வாரம் மாற்றாமல் செய்து பார்க்க வேண்டும். ஆறு வார முடிவில் எத்தனை சொல் எழுதினேன் என்று பார்ப்பதோடு, எத்தனை முறை விட்டேன், விட்ட பிறகு எத்தனை நாளில் திரும்பினேன் என்பதையும் எழுதிப் பாருங்கள். என் குறிப்பேட்டில் இப்போது அந்த ஒரு பத்தியைத்தான் கவனிக்கிறேன். முதலாண்டில் திரும்பி வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. சென்ற முறை நான்கு நாள்.